மில்லுக்காரர் பெயர் இருந்த இடம்

அவள் பெயரை எழுதமாட்டேன். "பேரு வேணாம்மே, பேர வெச்சித்தான் இவ்ளோ பேஜாரும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். மில்லுக்காரர் பெயரையும் எழுதமாட்டேன். அதற்குக் காரணம் வேறே. கல்லிலிருந்து போன பெயரைக் காகிதத்தில் ஏற்றிவைக்க எனக்கென்ன தலையெழுத்தா?

கும்மிடிப்பூண்டி பஜாரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்கள் நாஷ்டா கடை. என் வீட்டுக்காரர் அடுப்பில் நிற்பார், நான் கல்லாவில் உட்காருவேன். அவள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன்கூடையோடு வந்து இறங்குவாள். எங்கள் கடைக்கு எதிரே புங்கமரத்தடியில் சாக்கை விரித்து மடவையும் இறாலும் பரப்புவாள். வந்த புதிதில் நான் சும்மா இருக்கவில்லை. "இந்த நாத்தத்துல எவன் இட்லி துண்ணுவான்? வேற எடம் பாரு" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவள் சாக்கை நகர்த்தவே இல்லை. மறுநாளிலிருந்து என் கடையில் சாப்பிட்டு வெளியே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பாள். "இட்லி பஞ்சாட்டம் கீதாமே, நெசமா? வாசனையே எனக்கு இங்க வருது. எனக்குத்தான் துண்ணக் குடுத்து வெக்கல. அந்தம்மா தொரத்துவாங்க." இப்படி என்னைப் புகழ்ந்து புகழ்ந்தே ஊரில் என்னை ராட்சசி ஆக்கிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். தாங்கமுடியாமல் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து இலை போட்டேன். நிதானமாகத் தின்று, தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னாள்: "இத மொதல் நாளே செஞ்சிருந்தா உன் பேரு கெட்டிருக்குமா?"

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

கெடுதல் செய்து பழி வாங்குகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. நல்லது செய்தே பழி வாங்கினவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். ஸ்டேஷன் ஏட்டு ஒருத்தர் தினமும் வந்து கூடையில் பெரிய மீனாகப் பார்த்துச் சும்மா எடுத்துக்கொண்டு போவார். இவள் முகம் சுளிக்கவே இல்லை. ஒருநாள் நல்ல நண்டாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். "ஏட்டம்மா, ஐயா தெனம் எங்கிட்ட மீன் வாங்கினு வராரே, கொழம்பு நல்லா வந்துச்சா? பாவம், தெனம் மீனே துண்ணா அலுத்துப் போவும்னு நண்டு கொண்ணாந்தேன்" என்றாள். அந்த வீட்டுக்கு மீன் முள்ளுகூடப் போனதில்லை. மீன் போனது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு வீட்டுக்கு. அன்றைக்கு ஏட்டு வீட்டில் நடந்த பூசையைத் தெருவே நின்று பார்த்தது. அதற்கப்புறம் அவர் புங்கமரத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

"எப்படிக்கா இவ்ளோ நாள் பொறுத்துக்கினு இருந்த?" என்று கேட்டேன்.

"கோவத்த பச்சையா வெச்சா நாறிப்பூடும்மே. உப்பு போட்டு வெச்சிரணும். கருவாடு கெடுமா?" என்றாள்.

அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. படகு தள்ளிக்கொண்டிருந்தவன், சீனச் சண்டை நேரத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். அவனை வடக்கே மலையில் ரோடு போடுகிற பிரிவில் வைத்தார்கள். பீரங்கி போவதற்குப் பாதை வெட்டும்போது பனி சரிந்து அவனை மூடிக்கொண்டது. தந்தி வந்தது. பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் ஒரு சீப்பும் மப்ளரும் இருந்தன. பிணம் வரவில்லை.

குப்பத்தில் யார் செத்தாலும் புதைத்த இடத்தில் பால் ஊற்றுவார்கள். அமாவாசைக்கு அமாவாசை அந்த இடத்துக்குப் போய் விளக்கேற்றி அழுதுவிட்டு வருவார்கள். இவளுக்குப் போவதற்கு இடமில்லை. ஏரியில் இறங்கி நின்று பாலை ஊற்றிவிட்டு வருவாள். "மீனுதான் குடிக்குது. அந்த மீன நானே கொண்ணாந்து விக்கறேன். என் பொயப்பப் பாத்தியா?" என்று ஒருதரம் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. 

பாகிஸ்தான் சண்டை முடிந்த கையோடு எங்கள் ஊருக்கும் ஒரு போர் வீரர் நினைவுச் சின்னம் வேண்டும் என்று மில்லுக்காரர் கிளம்பினார். பஜாருக்குப் பின்னால் இருந்த அரிசி மில் அவருடையது. அந்த மில்லின் உமிச்சாம்பல் பறந்து வந்து எங்கள் சட்னியில் விழும். போய்ச் சொன்னதற்கு, "நாஷ்டா கடைக்காக மில்ல நவுத்தணுமா? சட்னிய மூடி வை" என்றார். நான் சட்னியை மூடி வைத்தேன். வாயையும் மூடி வைத்தேன். மறக்கவில்லை.

தேசபக்தி அவருக்குத் திடீரென்று வரவில்லை. அவர் அக்காள் மகன் பூனாவில் ராணுவ ஸ்டோரில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்து மஞ்சள்காமாலையில் செத்தான். அந்தப் பெயரை ஊர் நடுவில் வைக்கவேண்டும், பக்கத்தில் தன் பெயரும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். புங்கமரத்துக்குப் பக்கத்திலேயே பீடம் கட்டினார்கள். மேலே சிப்பாய் சிலை செய்யப் பொன்னேரிப் பக்கமிருந்து ஒரு சுதைக் கொத்தனாரைக் கூட்டிவந்து, அந்த மருமகன் போட்டோவைக் கையில் கொடுத்து, "இதே மூஞ்சி வரணும்" என்று சொன்னார்கள். அந்த மனிதர் ஆயுசு முழுக்க முனீஸ்வரன் சிலை மட்டுமே செய்தவர். கை தன் வேலையைச் செய்துவிட்டது. உருட்டி விழித்த கண், காதுவரை மீசை, அரிவாள் பிடிக்கிற பிடியில் துப்பாக்கி. பூட்ஸ் செய்து பழக்கமில்லாததால் இரண்டு காலும் பானைக்குள் நிற்பது மாதிரி இருந்தது. மில்லுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் யாரோ துப்பாக்கி முனையில் எலுமிச்சம்பழம் குத்திவிட்டார்கள். எலுமிச்சை ஏறின சிலையை இடிக்க எவன் வருவான்? அப்படியே பச்சை பெயிண்ட் அடித்து விட்டுவிட்டார்கள்.

பெயர்களைப் பீடத்தில் கருங்கல் பலகை வைத்து வெட்டுவதாக முடிவாயிற்று. யார் யார் பெயர் என்று பேசப் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கமிட்டி கூடியது. அக்கா என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"நைனா, என் தம்பி பேரையும் அந்தக் கல்லுல போட்டுருங்க. அவனுக்குப் பால் ஊத்த ஒரு எடம் இல்ல. பெருசா வேணாம், ஓரமாப் போட்டாப் போதும்."

மில்லுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே, "குண்டடி பட்டா செத்தான்?" என்று கேட்டார்.

"ரோடு வெட்டும்போது பனி சரிஞ்சிருச்சு நைனா."

"அது ஆக்சிடென்ட்டும்மா. கல்லுன்னா செத்தவங்க பேருக்குத்தான். அதுலயும் சண்டையில செத்தவங்க பேருக்குத்தான். கண்டவன் பேரையும் அதுல வெட்ட முடியாது." நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு வாய் அடங்கவில்லை. "ஏரியில படகு கவுந்து செத்தவன் பேரெல்லாம் போட ஆரம்பிச்சா கல்லு பத்துமா?"

கமிட்டி சிரித்தது.  "உங்க மருமகன் எந்தச் சண்டையில செத்தாரு?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "சரிங்க நைனா. நீங்க சொன்னாச் சரி. செத்தவங்க பேரு மட்டும்தான் கல்லுல வரணும், அதானே?" என்று கேட்டாள்.

"அதான்."

"சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். உப்பு போட்டுவிட்டாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. பேண்டு வாத்தியம், கொடி, மிட்டாய், பேச்சு. அடுத்த அமாவாசை அன்று காலையில் அவள் மீன் கொண்டுவரவில்லை. குளித்து ஈரத்தலையோடு, ஒரு செம்புப் பால், வெற்றிலை பாக்கு, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஏம்மே, நீ அஞ்சாவது படிச்சவதானே? கல்லுல இன்னா எழுதிக்கீதுன்னு மேலேர்ந்து கீழ வரிக்கும் படி" என்றாள்.

படித்தேன். முதலில் மருமகன் பெயர். அப்புறம் பழைய உலகச் சண்டையில் பர்மா போய்த் திரும்பாத ஒரு ஹவில்தார். அப்புறம் பாகிஸ்தான் சண்டையில் போன ஒரு பையன். அவ்வளவுதான் செத்தவர்கள். அதற்குக் கீழே, அவர்கள் எல்லாரையும் விடப் பெரிய எழுத்தில் மில்லுக்காரர் பெயர் இருந்தது. "திறந்து வைத்தவர்" என்பது அதற்கு மேலே எறும்பு அளவில் இருந்தது.

"அந்தப் பெரிய எழுத்து யாரு?"

"மில்லுக்காரரு."

அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "கல்லுல பேரு ஏறிச்சுன்னா முடிஞ்சிது இல்ல?" என்றாள்.

மருமகன் பெயருக்கு முதலில் பால் ஊற்றினாள். "அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான். அவன் மேல எனக்கு இன்னா கோவம்?" என்றாள். மற்ற இருவருக்கும் ஊற்றி, ஆளுக்கு ஒரு அடி பாடி அழுதாள். கடைசியில் அந்தப் பெரிய எழுத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள் பாருங்கள் ஒரு ஒப்பாரி! குப்பத்தில் சாவு விழுந்தால் அவள் குரல் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். அந்தக் குரல் பஜாரை அப்படியே நிறுத்திவிட்டது.

"நெல்லு மலையாட்டம் குமிச்சி வெச்ச என் நைனா,
அள்ளித் துண்ணாம அவசரமாப் போனீங்களே!
கல்லுல பேரெழுதி, கடத்தெருவுல நட்டு வெச்சி,
சொல்லாமக் கொள்ளாம தொலதூரம் போனீங்களே!
எங்க மில்லுக்கார நைனா!"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தான். "ஐயய்யோ, எப்ப? நேத்து கூடப் பாத்தேனே!" என்றான் ஒருத்தன். ஆந்திரா பக்கமிருந்து நெல் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி இறங்கித் தலைப்பாகையைக் கழற்றினார்கள். சாவு வீட்டு மில்லில் நெல் இறக்கக்கூடாது என்று வண்டியை ஆரம்பாக்கம் ரோட்டு மில்லுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அமாவாசைக்கு அமாவாசை இது நடந்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டுக்குப் புது அடி சேர்ந்தது. அவருடைய தொப்பை, அவருடைய மோதிரம், அவர் வெற்றிலை மெல்லுகிற அழகு, எல்லாவற்றையும் புகழ்ந்து புகழ்ந்து அழுதாள். ஒரு வசவு கிடையாது, ஒரு சாபம் கிடையாது. ஊரில் யாருக்கும் இப்படி ஒரு ஒப்பாரி கிடைத்ததில்லை.

ஒருநாள் மில்லுக்காரரே ஓடிவந்தார். கூடவே அந்தப் பழைய ஏட்டு.

"ஏய்! நான் உசுரோட கீறேன், கண்ணு தெரியல?"

அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். "நைனா! நல்லா கீறீங்களா? கல்லுல பேரப் பாத்து பதறிப்பூட்டேன். செத்தவங்க பேரு மட்டும்தான் கல்லுல வெட்டுவாங்கன்னு நீங்கதானே கமிட்டியில சொன்னீங்க? நான் எழுத்து தெரியாதவ. நீங்க பொய் சொல்வீங்களா நைனா?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதில் சந்தேகம் இல்லை. நானும் வாய்விட்டுச் சிரித்தேன், சட்னியைத் திறந்துவைத்துக்கொண்டு சிரித்தேன்.

"ஏட்டு, புட்ச்சி உள்ள போடுய்யா!"

ஏட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்து அன்பாக, "ஏட்டம்மா சொகமா ஐயா?" என்று கேட்டாள். "அழறதுக்கெல்லாம் கேஸ் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் தேடிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். அதற்கடுத்த அமாவாசைக்கும் அவள் வைத்த ஒப்பாரியை ஒரு வெளியூர் நெல் வியாபாரி காதில் வாங்கியிருக்கிறார். ரயிலில் போகிற வழியில், மில்லுக்காரரின் மனைவி பிறந்த ஊரான திருவாலங்காட்டுக்காரர் ஒருத்தரிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். புருஷன் போனால் பிறந்த வீட்டார் கோடிப்புடவையோடு வருவது வழக்கம். வந்ததும் முதலில் அதைத் தங்கள் வீட்டுப் பெண் மேல் போர்த்திக் கட்டிக்கொண்டு அழவேண்டும். பேச்செல்லாம் அப்புறம்தான்.

அப்படித்தான் வந்தார்கள். அண்ணனும் அவர் பெண்சாதியும் இன்னும் பத்துப் பெண்களும் ரயில் மாறி ரயில் ஏறி வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு போனார்கள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்தம்மா, என்னவென்று புரியாமல் எழுந்து நின்றது. "போயிட்டாரேம்மா, உன்ன இப்டி உட்டுட்டுப் போயிட்டாரே!" என்று அண்ணன் கோடியைப் பிரித்துத் தங்கை தோளில் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து மில்லுக்காரர் எச்சில் கையோடு வெளியே வந்தார்.

அந்தம்மா தோளைப் பார்த்தது. புருஷனைப் பார்த்தது. பிறகு போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. உயிரோடு புருஷன் நிற்கும்போது கோடி ஏறிய தோள். அப்படியே தரையில் சரிந்து விழுந்தது.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். "அந்தம்மா மேல எனக்கு ஒண்ணுமில்ல. நான் அவங்களுக்குக் கெடுதல் நெனக்கல" என்றாள். சாக்கில் கிடந்த மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். "ஆனா நிறுத்த மாட்டேன்" என்றாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாளே அந்தம்மா பஜாருக்கு வந்தது. கார் இல்லாமல் வெளியே வராத பொம்பளை, வெயிலில் நடந்து வந்து புங்கமரத்தடியில் நின்றது. கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

"உனக்கு இன்னாம்மா வேணும்?"

"என் தம்பிக்குப் பால் ஊத்த ஒரு எடம்."

"பேர் வெட்டச் சொல்றேன்."

"கல்லுல எடம் இல்லன்னு உங்க ஊட்டுக்காரரு சொன்னாரும்மா."

அந்தம்மா திரும்பிக் கல்லைப் பார்த்தது. புருஷன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தது. "எடம் கீது" என்றது.

அந்த வாரமே கல் தச்சர் வந்தார். மில்லுக்காரர் பெயரை முழுக்கச் செதுக்கி எடுத்தார். பெரிய எழுத்து அல்லவா, ஆழமாக வெட்டியிருந்தார்கள். அதைவிட ஆழமாகத் தோண்டினால்தான் சுத்தமாகப் போகும் என்றார். தோண்டின பள்ளத்துக்குள் தம்பியின் பெயரை வெட்டினார். மில்லுக்காரர் பார்க்க வரவில்லை. மில் ஜன்னலில் நின்று பார்த்தார் என்று சொன்னார்கள்.

அடுத்த அமாவாசைக்கு அவள் பால் கொண்டுவந்தாள். மற்றவர்களுக்கு ஊற்றின பால் வழிந்து ஓடிவிட்டது. தம்பி பெயரில் மட்டும் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவள் அழுதாள். பாட்டு இல்லை, மாரடிப்பு இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் கடையை விட்டு இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மில்லுக்காரர் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இருந்தார். ஆனால் ஊரில் அவருக்குச் "செத்த நைனா" என்று பெயர் நின்றுவிட்டது. அவர் பஜாரில் நடந்துபோனால், "செத்த நைனா போறாரு" என்பார்கள். சின்னச் சளி பிடித்தாலும் டாக்டரிடம் ஓடுவார். அமாவாசை அன்று மட்டும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். பாவம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் அப்படித் தோன்றவில்லை.

கம்பெனிகள் வர ஆரம்பித்து, ஏரிப்பக்கமிருந்து பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிற காலத்தில் அவர் நிஜமாகவே செத்தார். நம்பாமல் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுத்தான் நெல் வண்டிக்காரர்கள் வந்தார்கள். திருவாலங்காட்டுக்காரர்கள் கோடியைப் பையைவிட்டு எடுக்காமல், பிணத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிரித்தார்களாம்.

மத்தியானம் மில்லுக்காரரின் மகன் காரில் வந்து புங்கமரத்தடியில் இறங்கினான். அவள் மடவை செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, ஊட்ல யாருக்கும் அழவே வரல. எல்லாம் சும்மா ஒக்காந்துகினு கீது. எங்கம்மாதான் உங்களக் கூட்டினு வரச்சொன்னாங்க. பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. அப்பாவுக்கு நீங்க வந்து ரெண்டு அடி பாடினா நல்லாருக்கும்."

அவள் கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பையன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நைனாவுக்கு உண்டானதெல்லாம் அப்பவே அழுது முட்ச்சிட்டேன் கண்ணு. ஒருத்தருக்கு ரெண்டு தபா அழற வயக்கம் எங்க குப்பத்துல இல்ல" என்றாள்.

அவன் கார் போனதும் மறுபடி உட்கார்ந்து மீனைக் கையில் எடுத்தாள்.